மலைநாட்டில் மீன் விருந்து

பிள்ளை பட்டம் பெற்றதற்கோ அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கோ எல்ல, பண்டாரவளைப் பக்கம் பெரிய ஹோட்டல் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மேசை விரிப்பையும் ஜன்னலில் தெரியும் மலையையும். மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் செவுளைப் பாருங்கள். பதுளையே ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே கடல் மீன் எல்லாம் ஐஸில் மலையேறி வருவதுதான். என்றைக்கு வந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள், சமைக்கும் முன் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்திய இடம் குழி விழாமல் எழும்ப வேண்டும். நண்டு கையில் கனக்க வேண்டும். முகம் சுளிக்காமல் காட்டுகிற இடத்தில் உட்காருங்கள்.

கொழும்பு பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் தொடங்கிய ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’ நண்டு உணவகம் உலகப் பேர் வாங்கிவிட்டது. ஆனால் அங்கே ஒரு பெரிய நண்டின் விலை தோட்டத் தொழிலாளியின் பல நாள் சம்பளம். லயத்தில் டின் மீனும் கருவாடும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய் தகப்பனுக்கு விருந்து என்றால், நான் கிழக்கே இறங்கச் சொல்வேன். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா தாண்டி ஏ5 வீதி செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்பும் பாசிக்குடாவும் கிட்ட. வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் போங்கள், கடல் அமைதியாக இருக்கும். மார்கழி மழையில் படகுகள் கரையிலேயே கிடக்கும். முதல் நாளே உணவகத்துக்குப் போன் பண்ணிப் பாரையோ அறக்குளாவோ எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.