நீளம் ஒரு குறையல்ல

மெகா சீரியல் என்றதும் நாம் முதலில் குறை சொல்வது அதன் நீளத்தைத்தான். இழுக்கிறார்கள், ஜவ்வாக இழுக்கிறார்கள். ஆனால் அந்த நீளம்தான் ஒரு தொடர் எழுத்தாளரின் பெரிய மூலதனம் என்று எனக்குப் புரியவைத்தவர் அமெரிக்காவின் அக்னஸ் நிக்சன். 2016-இல், 93 வயதில் மறைந்தார். அவரைப் போலத் தொடரை மதித்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

நிக்சனின் அப்பாவுக்குச் சிகாகோவில் இறந்தவர்களுக்கு உடுத்தும் ஆடைகள் தயாரிக்கும் தொழில். மகள் அதற்கு வரவேண்டும் என்பது அவர் கணக்கு. எழுத்து சோறு போடாது என்று பெரியவர் ஒருவர் வாயால் சொல்லவைக்க, இர்னா பிலிப்ஸைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். வானொலிக் காலத்திலேயே தினசரித் தொடர் என்ற வடிவத்தை வளர்த்தெடுத்தவர் இர்னா. ஒவ்வொரு பாத்திரமாக நடித்தபடியே வசனம் சொல்வார், செயலாளர் எழுதிக்கொள்வார். அப்படிப்பட்டவர் அந்தப் பெண் கொண்டுவந்த பிரதியைப் படித்துவிட்டு, என்னிடம் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டார். அப்பாவின் கணக்கு அத்தோடு முடிந்தது.

அந்த வேலை லேசானதல்ல. வாரம் ஐந்து நாள், ஆண்டு முழுக்க ஒளிபரப்பு. சினிமாவைப் போல ஒரு படம் முடிந்து மூச்சு விட்டுக்கொள்ள வழியில்லை. மாதக்கணக்குக்கான கதைப் போக்கை முன்கூட்டியே வகுக்க வேண்டும், அதை நாள்வாரியாகப் பிரிக்க வேண்டும், வசனம் எழுத வேண்டும். நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பென்சில்வேனியாவில் வீட்டிலிருந்தபடி இதையெல்லாம் செய்தார் நிக்சன்.

1968-இல் ஏபிசி தொலைக்காட்சிக்காக ‘ஒன் லைஃப் டு லிவ்’ தொடரை உருவாக்கினார். அதில் கார்லா என்ற நடிகை வருகிறாள். பார்ப்பவர்கள் அவளை வெள்ளைக்காரி என்றே நம்பினார்கள். வெள்ளை மருத்துவர் ஒருவரோடு அவளுக்குத் திருமணம் நிச்சயமாகிறது, மனமோ ஒரு கறுப்பின மருத்துவர் பக்கம் சாய்கிறது. கார்லாவும் அந்தக் கறுப்பின மருத்துவரும் முத்தமிட்டதும் கோபத்தோடு தொலைபேசி அழைப்புகள் வந்தன. டெக்சாஸில் ஒரு நிலையம் தொடரையே நிறுத்தியது. நிக்சன் அவசரப்படவில்லை. மாதங்கள் போகவிட்டு, மருத்துவமனையில் துப்புரவுப் பணியைக் கவனிக்கும் கறுப்பினப் பெண்மணி சேடி கிரேயின் மகள்தான் கார்லா என்று காட்டினார். அதற்குள் வீடுகளில் அவளுக்காகக் கவலைப்படப் பழகியிருந்தார்கள். வெறுக்க வேண்டுமென்றால் இனித் தங்கள் பிரியத்தைத்தான் முதலில் வெறுக்க வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தால் இதைச் செய்ய முடியாது.

கார்லாவாக நடித்த எலன் ஹாலி, அந்தத் தொடரில் தனக்கு உரிய சம்பளமும் மரியாதையும் கிடைக்கவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். கதையில் இருந்த நியாயம் கதைக்கு வெளியே இல்லாமல் போனது. அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

1970-இல் தொடங்கிய ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் வியட்நாம் போரை எதிர்க்கும் ஒரு தாயை வைத்தார். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்ற சில மாதங்களிலேயே எரிகா கேன் என்ற நாயகி கருக்கலைப்பு செய்துகொண்டாள். ஆனால் நான் அவரைக் கும்பிடுவது அதற்கெல்லாம் முந்தைய ஒரு காரியத்துக்காக.

1962. ‘தி கைடிங் லைட்’ தொடரின் தலைமை எழுத்தாளர் அவர். அவருடைய தோழி ஒருவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோகிறார். பாப் ஸ்மியர் பரிசோதனை செய்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். இதைக் கதையில் கொண்டுவர விரும்பினார். தொடர், சோப்பும் சலவைத்தூளும் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்குச் சொந்தம். அவர்களும் சிபிஎஸ் தொலைக்காட்சியும் தயங்கினார்கள், பிறகு நிபந்தனையோடு சம்மதித்தார்கள்: புற்றுநோய், கர்ப்பப்பை, கர்ப்பப்பை நீக்கம் ஆகிய சொற்கள் வரக் கூடாது. நிக்சன் ஒப்புக்கொண்டு, பெர்ட் பாவர் என்ற குடும்பத் தலைவிக்கு அந்தப் பரிசோதனை நடப்பதாக எழுதினார். பல ஆண்டுகளாகத் தங்கள் வீட்டு மனுஷியாகவே பெர்ட்டைப் பார்த்துவந்த பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. துண்டுப் பிரசுரம் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவார்கள், பெர்ட்டுக்கு வந்தால் நமக்கும் வரலாம் என்று நினைப்பார்கள்.

இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இன்றும் முன்வரிசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் அதற்கான பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஆனாலும் கூச்சமும் பயமும் பெண்களைத் தடுக்கின்றன. நம் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்களிடம் ஆயிரம் எபிசோடு இருக்கிறது, லட்சக்கணக்கான வீடுகளின் நம்பிக்கை இருக்கிறது. ஊரே நேசிக்கும் உங்கள் கதையின் அம்மாவை ஒரு நாள் அந்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சொற்களைத் தயங்காமல் சொல்லுங்கள், உங்களை யாரும் தடுக்கவில்லை.