நிமிஷத்துக்கு 6,944 ரூபாய்!

யாராவது உங்கள் கையில் 30 கோடி ரூபாயைக் கொடுத்து, "30 நாளைக்குள் செலவழித்துத் தீர்த்துவிடு" என்றால் என்ன செய்வீர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்மண்டபத்து வீட்டில் இதுதான் பேச்சு.

டி.வி.யில் 'அருணாசலம்' போட்டிருந்தார்கள். 1997-ல் வந்த ரஜினி படம், ஞாபகம் இருக்கும். 30 கோடியை 30 நாளில் காலி செய்தால் 3,000 கோடி கிடைக்கும். தான தர்மம் கூடாது. கடைசியில் அவர் பேரில் ஒரு சொத்தும் மிஞ்சக்கூடாது. 1902-லேயே மெக்கட்சன் என்ற அமெரிக்கர் ஒரு நாவலில் வைத்த பந்தயம்தான் இது. அதில் ஒரு வருஷத்துக்குள் 10 லட்சம் டாலரைத் தீர்த்தால் 70 லட்சம் டாலர்.

என் பெண் போனில் கணக்குப் போட்டாள். நாளைக்கு 1 கோடி. மணிக்கு 4,16,666. நிமிஷத்துக்கு 6,944! "அம்மா, நீ ஒரு காபி ஆத்தறதுக்குள்ள ஏழு சிலிண்டர் காசு போயிடும்."

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளை அள்ளிவிடுவேன் என்றாள். "துணி மிஞ்சுமே, நீ அவுட்டு" என்றான் தம்பி. அவன் ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுத்து கிரிக்கெட் ஆடுவானாம். வாடகை மிஞ்சாது, கெட்டிக்காரன்தான்!

என் மாமியார், "காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கி ஊருக்கே சோறு போடுவேன்" என்றார்.

"ஆயா, தானம் கூடாது."

"சோறு போடறது தானமாடா? விருந்துடா!"

லட்சம் பேருக்கு, தலைக்கு 100 ரூபாய் என்று போட்டுப் பார்த்தால் அது ஒரே நாள் செலவு. "ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, மீன் வெல ஏறிக் கிடக்கும். அப்ப வாங்கு, சீக்கிரம் தீந்துடும்" என்று வழியும் சொன்னார்.

நான் என் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பால், காய், சிலிண்டர், பள்ளிக்கூட ஃபீஸ், மருந்து. மாசக் கடைசியில் கையில் காசுமில்லை, கண்ணுக்குத் தெரிய ஒரு பொருளுமில்லை. விதிப்படி பார்த்தால் இருபது வருஷமாக இந்தப் பந்தயத்தில் நான்தான் ஜெயிக்கிறேன். 3,000 கோடியைத்தான் யாரும் கொண்டு வரக் காணோம்.

"உனக்குன்னு ஒரு செலவு சொல்லும்மா."

"மிக்ஸி ஜாருக்குப் புது பிளேடு."

"அது வீட்டுக்கு."

"முட்டி வலித் தைலம்."

"அது ஆயாவுக்கு."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "கண்ணாடி" என்றார்.

சுருக்கென்றது. போன மாசம் நாத்தனார் குழந்தைக்கு ஜுரம். டாக்டர் சொன்னது 2.5 மில்லி சிரப். மூடியில் கோடு சரியாகத் தெரியாமல் 5 மில்லி ஊற்றிவிட்டேன். நல்ல வேளை, குழந்தை வாயில் விடுமுன் என் பெண் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றேன், சொல்லியிருக்கிறாள்! நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப் போவதால் வருவதுதான் வெள்ளெழுத்து. வியாதி இல்லை. ஆனால் கையைத் தூரத் தள்ளிப் பிடித்தே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள். மருந்தை மூடியில் ஊற்றினால் மேஜை மேல் வைத்து, கோட்டைக் கண் மட்டத்தில் பாருங்கள். ஊசியில்லாத சிரிஞ்சு இன்னும் நல்லது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை, வியாழக்கிழமை கண்ணாடி. 900 ரூபாய். பந்தயக் கணக்கில் எட்டு வினாடி என்றாள் பெண். "கண்ணாடி மிஞ்சுமே, அம்மாவும் அவுட்டு" என்றான் பையன்.

இப்போது சிரப் பாட்டிலில் பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது. ரவையில் வண்டும் தெரிகிறது. இதற்கு முன் எத்தனை உப்புமா கிண்டினேனோ, அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.