எந்த அருவி கலங்கியது?

குற்றாலத்தில் சீஸன் சமயத்தில் மலை மேல் பலத்த மழை பெய்தால், தென்காசியில் சிற்றாறு செம்மண் நிறமாக ஓடும். ஆற்றங்கரையில் நின்று ஒரு செம்பு மொண்டு பாருங்கள். கலங்கல் தெரியும். பேரருவி கலங்கியதா, ஐந்தருவி கலங்கியதா என்பது அந்தச் செம்பில் தெரியுமோ? ஒவ்வோர் அருவியாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

சிறுநீரக வியாதியிலும் இதே சங்கடந்தான். ஊர்ப் பக்கத்தில் குண்டிக்காய் என்கிறோமே, அது பார்வைக்கு ஒரே சதைக்கட்டி. உள்ளேயோ ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள்! ரத்தத்தை வடிப்பதற்கு ஒரு வகை உயிரணு. வடிந்ததிலிருந்து உப்பையும் சர்க்கரையையும் மீட்பதற்கு இன்னொரு வகை. புளிப்பைச் சரிக்கட்ட வேறொரு வகை. (நம் வீட்டு அடுக்களையில் எல்லாம் ஒருத்தியே செய்கிறாள் என்பது வேறு விஷயம்.) முன்பெல்லாம் துணுக்குச் சதையை மொத்தமாக அரைத்துத்தான் ஜீன்களின் வேலையை அளந்தார்கள். கெட்டது எந்த அணு என்பது அந்த அரைப்பிலேயே மறைந்துவிடும்.

இப்போது அணுக்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிக்குள் அடைத்து, தனித்தனி அடையாளம் போட்டு, உள்ளே எந்த ஜீன்கள் வேலை செய்கின்றன என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா பல்கலைக் கழகத்து டாக்டர் காதலின் ஸுஸ்டாக் குழுவினர் 2018-ல் சுண்டெலிச் சிறுநீரகத்தின் 57,979 அணுக்களை இப்படி ஆராய்ந்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகுகிற பரம்பரை வியாதிகள் பல உண்டல்லவா? அவற்றின் ஜீன்கள் பெரும்பாலும் வடிகட்டியைக் கட்டிப் பிடித்திருக்கும் ஒரே வகை அணுவில்தான் வேலை செய்தன! 2023-ல் மனிதச் சிறுநீரகத்துக்கும், நல்லதையும் நைந்ததையும் ஒப்பிட்டு, விரிவான படம் வந்துவிட்டது.

நமக்கென்ன என்கிறீர்களா? அதே 2023-ல் தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைச் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தும், நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குச் சிறுநீரகக் கோளாறு நீடித்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. வெயிலில் உழைப்பதன் மேல் சந்தேகம் இருக்கிறது. முதலில் நைவது எந்த அணு என்று பிடிபட்டால், காரணத்தையும் துரத்திப் பிடிக்கலாம்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாசாரம். வீட்டில் உள்ளவர்களுக்கு வேண்டியது ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற இரண்டு சோதனைகளே. சிறுநீரகம் வெகுநாள் வரை வலி காட்டாது. ஆகவே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வருஷம் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.