கோபுரத்தை எண்ணாதீர், வாடகையை எண்ணுவீர்!

கைத்தொலைபேசிக் கோபுரங்களை நாட்டி, அவற்றைத் தொலைபேசிக் கம்பனிகளுக்கு வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. நீண்டகால ஒப்பந்தம், நிலையான வருமானம், நட்டத்துக்கே இடமில்லை என்று அவற்றின் பங்குகளை விற்போர் முழங்குகின்றனர். ஓய்வூதியப் பணத்தையும் விளைச்சற் பணத்தையும் கையில் வைத்திருப்போர் இம்முழக்கத்துக்குச் செவிசாய்க்குமுன் இந்தியாவின் அனுபவத்தைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

2010ஆம் ஆண்டில் ஜி.டி.எல். இன்பிராஸ்ட்ரக்சர் என்னும் இந்தியக் கம்பனி, ஏர்செல் நிறுவனத்தின் 17,500 கோபுரங்களை ஏறத்தாழ 8,400 கோடி இந்திய ரூபாவுக்குப் பெருங்கடன் பட்டு வாங்க முன்வந்தது. கோபுரங்களின் தொகையைக் கண்டு வியந்தோர் பலர். வாடகை தருவோர் யாவர் என்று கேட்டோர் சிலரே. 2012 பெப்ரவரி 2ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு அனுமதிப்பத்திரங்களை இரத்துச் செய்தது. வாடகையாளர் பலர் களத்தைவிட்டு அகன்றனர். 2018இல் ஏர்செல்லும் வங்குரோத்தை அறிவித்து மன்றத்தை நாடியது. கோபுரங்கள் நின்றன, வாடகையும் நின்றது, வட்டி மட்டும் நிற்கவில்லை. 10 ரூபா முகப்பெறுமதியுள்ள அக்கம்பனியின் பங்கு 2020இல் ஒரு ரூபாவுக்கும் கீழே விலைபோயிற்று.

"ஒப்பந்தம் இருக்கிறதே, வழக்காடலாமே" என்பாரும் உளர். ஒப்பந்தம் பணமன்று; பணம் கேட்கும் உரிமை மாத்திரமே. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டத்தின்படி, ஈடுபெற்றுக் கடன் கொடுத்த வங்கிக்குப் பின்னரே வாடகை கேட்பவனுக்கு முறை வரும். வரிசையின் வாலில் நிற்பவன் பெரும்பாலும் தீர்ப்பின் பிரதியோடுதான் வீடு திரும்புவான்.

வலிய கம்பனிக்கும் இந்நோய் வரும். இன்டஸ் டவர்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் முடிந்த காலாண்டில் 708 கோடி ரூபா நட்டங் காட்டிற்று. வோடபோன் ஐடியா என்னும் ஒரு பெரும் வாடகையாளரின் நிலுவை வளர்ந்ததால், 2,298 கோடியை ஐயக்கடனுக்கென ஒதுக்க நேர்ந்தமையே காரணம். பின்னர் அந்நிலுவை வந்து சேரவே, ஒதுக்கிய தொகை மீண்டும் கணக்கிலேறி 2024-25ஆம் ஆண்டின் இலாபத்தைப் பெருக்கிற்று. முன்னைய நட்டத்தைக் கண்டு அஞ்சியதும் தவறு. பின்னைய இலாபத்தைக் கண்டு மயங்குவதும் தவறு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒரு கோபுரத்துக்கு எத்தனை வாடகையாளர்? இரண்டாமவர் வந்தால் செலவு சிறிதே கூடும். வருமானமோ பெரிதும் உயரும். கணக்கில் எழுதிய வாடகையில் கைக்கு வந்த காசு எவ்வளவு? அக்காசு வட்டிக்கும் முதலுக்கும் போதுமா?

ஒரேயொரு குத்தகைக்காரனை நம்பிக் கடன்பட்டுக் காணி வாங்கும் கமக்காரனை நாம் கண்டதில்லை. வயலிற் காட்டும் அவ்விவேகத்தைப் பங்குச் சந்தையிற் கைவிடுவானேன்? கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பணங் கொடாதீர். ஐந்தொகையைக் குனிந்து பார்த்துக் கொடுப்பீர்!