தடம் எதுவரை?

வைட்ஃபீல்டில் எங்கள் கிளைக்கு வருவோரில் பலர் கணினித் துறையினர். 'டிரேஸபிள்' என்பது அவர்களுடைய அலுவலகங்களில் அன்றாடம் புழங்கும் சொல். பணம் பறிபோய் வந்து நிற்கும்போதும் அதே சொல்லால்தான் கேட்கிறார்கள்: “டிரேஸபிள்தானே, சார்?”

ஆம் என்கிறோம். அது உண்மையே. ஆயினும் கேட்பவர் செவியில் அது 'பணம் திரும்பிவிடும்' என்றே விழுகிறது.

இச்சொல்லைச் சிலர் 'கண்டுபிடிக்கத்தக்க' என்று தமிழாக்குகின்றனர். அது பொருந்தாது என்பது எங்கள் கருத்து. தொலைந்த சாவியைக்கூடக் கண்டுபிடிக்கலாம். அது வந்த வழி தெரியவேண்டுவதில்லை. 'தடமறியத்தக்க' என்பதே நெருங்கி வருகிறது. அடிதோறும் சுவடு பதிந்திருந்தால்தான் பின்னோக்கிச் செல்ல முடியும். ஆங்கிலத்தில் இச்சொல்லோடு 'இன்னது வரை' என்ற எல்லையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நாம் எல்லையை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நகையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதை இட்டால் தூய்மையும் முத்திரையிட்ட மையமும் தெரியும். எந்தச் சுரங்கத்துப் பொன் என்பது தெரியாது.

பணத்துக்கும் எல்லை உண்டு. யுபிஐ பரிமாற்றத்துக்கு 12 இலக்க எண். நெஃப்ட்டுக்கு 16 இலக்கக் குறியீடு. கணக்கு விட்டுக் கணக்கு மாறும்வரை ஒவ்வொரு நகர்வும் பதிவாகும். யாரோ ஒருவர் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் சுவடு அங்கே அறுந்துவிடும்.

பகுதிநேர வேலை என்று நம்பி ஏமாந்த வாடிக்கையாளர் ஒருவர் மூன்றாம் நாள்தான் வந்தார். வீட்டாரிடம் சொல்ல வெட்கம். பணம் சென்ற கணக்குகள் எல்லாம் தெரிந்தன. எதிலும் இருப்பு இல்லை. அவரைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. “டிரேஸ் செய்துவிடலாம்” என்று முதலில் ஆறுதல் சொன்ன எங்கள் பேரிலும் பிழை உண்டு. எந்தக் கணக்கு வரை தடம் செல்கிறது, அங்கே பணம் எஞ்சியிருக்கிறதா என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பணம் ஏதேனும் ஒரு கணக்கில் இருக்கும்வரைதான் அதை நிறுத்திவைக்க இயலும். ஆகவே, கிளை திறக்கும்வரை காத்திராமல் 1930 என்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பரிமாற்ற எண் கையில் இருக்கட்டும். வீட்டாரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.