அனுமதிப்பத்திரத்துக்கு முன் வகுப்பறை

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. சேறும் நீரும் புகுந்த வீடுகளுக்கு மக்கள் திரும்பியபோது எழுந்த முதல் கேள்விகளில் ஒன்று, மெயின் சுவிட்சைப் போடலாமா என்பது. மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள வயரிங், நடைமுறையில் ஊர் வயரிங் பாஸ்மாரின் கையில்தான் இருக்கிறது.

இவர்களில் பலர் கெட்டிக்காரர்கள். கையாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துத் தொழில் பழகியவர்கள். ஆனால் பார்த்துப் பழகும்போது முன்னவரின் திறமையோடு அவரது தவறும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அடிக்கடி விழுகிறதென்று ட்ரிப் சுவிட்சையே விலக்கி நேராக இணைப்புக் கொடுப்பது அப்படிப்பட்ட ஒரு தவறு. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பதற்காக வைத்த கருவி அது. அது ஏன் விழுகிறது என்று தேடுவதே மின்னியலாளரின் வேலை. எர்த் இணைப்பு ஒழுங்காக இல்லாத வீட்டில், ஒரு மனிதர் தொடும்வரை கசிவு இருப்பதே தெரியாது. தோட்ட லயங்களில் தீப்பிடித்தால் 'மின்னொழுக்கே காரணம்' என்று செய்தி வருகிறது. அந்த வயரிங்கை யார் செய்தார், யார் சோதித்தார் என்று எவரும் கேட்பதில்லை.

மின்னியலாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழே அதற்கு அடிப்படை. இந்த ஏற்பாட்டை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் தகைமை பெறும் வழியைத் திறக்காமல் தகைமையைக் கட்டாயமாக்குவதை ஆதரிக்க முடியாது. கண்டியைப் பொறுத்தவரை அந்த வழி எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தமிழர் அல்லது முஸ்லிம். அவர்களது பிள்ளைகளில் பெரும்பாலானோர் சாதாரண தரம் வரை தமிழில் படிக்கிறார்கள். ஆனால் வடக்கு கிழக்குக்கு வெளியே அரச தொழிற்பயிற்சி பெரும்பாலும் சிங்கள மொழிமூலமே நடக்கிறது. கலஹாவிலோ புசல்லாவையிலோ தமிழில் படித்துவிட்டு வரும் இளைஞனுக்கு, மின்சாரம் படிப்பதற்கு முன் இன்னொரு மொழியில் பாடம் கேட்கும் ஆற்றல் வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளில் ஏதேனும் ஒன்றில் கல்வி பெறும் உரித்தை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. அந்த உரித்து பாடசாலை வாயிலோடு நின்றுவிடக் கூடாது.

வேலைத்தளத்தில் சிங்களமும் ஆங்கிலமும் தேவைதானே என்று கேட்பார்கள். தேவைதான். அவற்றைப் பாடநெறியோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும். நுழைவாயிலில் தடையாக வைக்கக் கூடாது. மெயினை அணைத்த பிறகும், வெயில் உள்ளவரை கூரைச் சூரியப் பலகையிலிருந்து வரும் வயரில் பல நூறு வோல்ட் நேர் மின்னோட்டம் இருக்கக்கூடும். அரைகுறையாய் விளங்கிக்கொள்ளக்கூடிய பாடமா இது?

தமிழில் விண்ணப்பிப்போர் குறைவு என்பது, தமிழ் வகுப்பு நடத்தாததற்குச் சொல்லப்படும் அடுத்த காரணம். வகுப்பு இல்லாத இடத்தில் விண்ணப்பம் எப்படி வரும்? கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே உள்வாங்கலாக நடத்தினால் வகுப்பு நிரம்பும். பாடநூலும் பெரிய தடையல்ல. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தொழில்நுட்பக் கல்வி தமிழில் நடந்து வருகிறது. தமிழகத் தொழிற்பயிற்சி நிலையங்களின் இரண்டாண்டு எலக்ட்ரீசியன் படிப்புக்கும் தமிழ் நூல்கள் இருக்கின்றன. இங்குள்ள விதிகளுக்கும் கலைச்சொற்களுக்கும் ஏற்ப அவற்றைத் திருத்தி எடுத்தால் போதும்.

வேலைக்கும் குறைவில்லை. 2016இல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியதிலிருந்து கூரைச் சூரிய மின்சாரம் பரவிவிட்டது. கண்டி நகர ஹோட்டல்களில் லிப்டும் குளிரூட்டியும், வைத்தியசாலைகளில் நுட்பமான கருவிகளும் பராமரிக்க ஆள் கேட்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் காற்றாடி மோட்டர் முதல் தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் இலத்திரனியல் இயந்திரம் வரை எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்தத் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து பறித்துக் கொடுப்பவரின் மகனோ மகளோ அங்குள்ள இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவராக வர முடியாதா?

நான்கு காரியங்கள் உடனே நடக்க வேண்டும். முதலாவது, கண்டியில் நான்காம் மட்டத் தகைமை வரையிலான முழுநேர மின்னியல், இலத்திரனியல் பாடநெறிகளைத் தமிழ்மொழி மூலமும் நடத்துவது. தோட்டங்களிலிருந்து வருவோருக்கு, குறிப்பாக யுவதிகளுக்கு, விடுதி வசதியும் பஸ் செலவுக்கான கொடுப்பனவும் தருவது. இரண்டாவது, ஏற்கெனவே தொழில் செய்யும் பாஸ்மாருக்கு முன்கற்றல் அங்கீகாரம் வழங்குவது. அவர்களது கைத்திறனைத் தமிழில் மதிப்பிட்டு, குறை உள்ள இடத்தை மாலை வகுப்பில் நிரப்பிச் சான்றிதழ் கொடுக்கலாம். நாட்கூலியை இழந்துவிட்டு வகுப்புக்கு வா என்று அவர்களிடம் சொல்ல முடியாது. மூன்றாவது, ஹோட்டல்களும் தேயிலைக் கம்பனிகளும் சூரிய மின் நிறுவனங்களும் பயிலுநர்களைச் சம்பளத்தோடு ஏற்பது. நான்காவது, எந்தப் பாடநெறி எந்த மொழியில், எந்த நிலையத்தில், எத்தனை இடங்களோடு நடக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் தமிழிலும் அறிவிப்பது.

பெற்றோரும் ஒன்றை யோசிக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரி பரீட்சையில் தவறியவர்கள் ஒதுங்கும் இடமல்ல. தேசிய தொழில் தகைமை ஏழாம் மட்டத்தில் பட்டம்வரை செல்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் கைத்தொழில் சான்றிதழே பேரம் பேசும் பலம்.

இவை நடந்த பிறகு, போதிய அவகாசம் கொடுத்து, அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கட்டும். மீறுவோருக்குத் தண்டமும் விதிக்கட்டும். வரிசை மாறினால் நேர்மையாக உழைக்கும் ஆயிரம் பாஸ்மார் சட்டவிரோதிகள் ஆவார்கள். ஆபத்தான வயரிங் அப்போதும் நடக்கும், மறைவில். கண்டியில் அடுத்த உள்வாங்கலுக்கான அறிவித்தலிலேயே தமிழ்மொழி மூல மின்னியல் வகுப்பு இடம்பெற வேண்டும்.