தோபியாவுடன் சென்ற நாய்

விவிலியத்தில் நாயைப் பற்றி நல்ல சொல் ஒன்றைக் காண்பது அரிது. ஏழை இலாசரின் புண்களை நக்கிய நாய்களை விட்டுவிட்டால், பெரும்பாலும் இகழ்ச்சிக்குரிய உவமையாகவே அது வந்துபோகிறது. தோபித்து நூல் மட்டும் இதற்கு விலக்கு. ஆறாம் அதிகாரத்தில் இளைஞன் தோபியா வானதூதர் இரபேலோடு புறப்படுகிறான். அவனது நாயும் உடன் செல்கிறது. பதினோராம் அதிகாரத்தில் அவர்கள் வீடு திரும்புகையில் அதே நாய் பின்னே வருகிறது. அந்த நாய் யாரையும் காப்பாற்றவில்லை. வியத்தகு செயல் எதையும் செய்யவுமில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: மேதியா நாடு வரை நெடும்பயணம் போனவர்கள், உடன் வந்த பிராணியை வழியில் விட்டுவிட்டு வரவில்லை.

இதனை இம்மாதம் எழுதக் காரணம் எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர். அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். எனினும் தம் மருந்தகத்தில் காத்திருப்போர் வாசிப்பதற்காக இவ்விதழை வரவழைத்து வைத்திருப்பவர். “சாமி, ஏப்ரல் மாதத்தில் குட்டி வேண்டுமென்று கேட்டு வருகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அதையே யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். கேட்காமலே சந்தைப்பேட்டையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நீங்கள் எழுதினால் நாலு வீட்டிலாவது படிப்பார்கள்” என்றார். வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிப் பசிக்கும் தாகத்துக்கும் கைவிடுவது, 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன்.

குட்டியை எடுக்குமுன் வீட்டார் கூடி அமர்ந்து சிந்திக்கவேண்டியவை சில. நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டு வாழும். இன்று ஆறாம் வகுப்பில் பயிலும் மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பின்னும் அது வீட்டில் இருக்கும். அதற்குச் சோறு வைப்பவர் யார், காலையில் வெளியே அழைத்துச் செல்பவர் யார், குடும்பமே வேளாங்கண்ணிக்குப் போகும் நாட்களில் பார்த்துக்கொள்பவர் யார்? இவற்றுக்கெல்லாம் விடை ‘அம்மா’ என்பதானால், முதலில் அந்த அம்மாவின் சம்மதத்தைக் கேட்பதே முறை.

எந்த இனம் என்பதில் நம்மவர்க்கு ஒரு மயக்கம் உண்டு. செயிண்ட் பெர்னார்டு என்னும் பெருநாய், ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயில், அகுஸ்தினார் சபைத் துறவியரின் விடுதியில் பனியில் சிக்கிய வழிப்போக்கரை மீட்கும் பணிக்காகப் பெயர்பெற்றது. அந்த மயிர்ப்போர்வையோடு அதனைக் கொணர்ந்து மே மாத வெயிலில் மொட்டை மாடியில் கட்டிவைப்பது என்ன நியாயம்? நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கனத்த மயிரும் சப்பை மூக்கும் உடைய இனங்கள் இங்கே படும் பாடு சொல்லி முடியாது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நம் மண்ணுக்கேற்ற இனங்கள் உள்ளன. அவற்றுக்கும் விலை கொடுக்கவேண்டியதில்லை என்று எண்ணினால், தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம். மருத்துவரின் பரிந்துரையும் இதுவே.

எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. வீட்டுக்கு வந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கவேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தொடங்கும் தடுப்பூசி தவறினால் பார்வோ எனும் கழிச்சல் நோய் தாக்கும். இரத்தமாய்க் கழிந்து ஓரிரு நாட்களில் குட்டி மடிந்துபோகும். பசும்பால் மட்டும் ஊற்றி வளர்ப்பதும் வயிற்றைக் கெடுக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. நம் வீடுகளில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தால் அது உயிருக்கே உலை வைக்கும். கருத்தடை அறுவையைப் பற்றியும் பலர் என்னிடம் தயங்கிக் கேட்பதுண்டு. மனிதரைக் குறித்த திருச்சபையின் போதனையை நாய்க்கும் பூனைக்கும் பொருத்தி மனம் குழம்பவேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கட்டிக் குளக்கரையில் எறிவதே மனச்சான்றை உறுத்தவேண்டிய செயல்.

இவையெல்லாவற்றிலும் முக்கியமானது வெறிநோய்த் தடுப்பூசி. எங்கள் கிளைப்பங்கு ஒன்றில், ஒன்பது வயதுப் பீடச்சிறுவன் ஒருவனை அவன் வீட்டுக் குட்டியே கடித்தது. சிறு கீறல்தான். அடி விழுமென்று பையன் சொல்லவில்லை. பாட்டி கண்டுபிடித்து, “நம்ம வீட்டுக் குட்டிதானே” என்று மஞ்சளும் சுண்ணாம்பும் தடவினார். நான்காம் நாள் குட்டி எச்சில் ஒழுகிச் செத்தது. நல்லவேளையாகச் செய்தி மருத்துவர் காதுக்கு எட்டியது. அவர் தாமே வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பையன் இன்று நலமாயிருக்கிறான். அந்த நான்கு நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. ஏனெனில் வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மருந்து இல்லை, சாவு ஏறக்குறைய உறுதி. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். 1885 ஆம் ஆண்டு ஜூலையில் லூயி பாஸ்டர் யோசேப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து ஏற்றிப் பிழைக்கவைத்தார். அந்நோயால் இன்றும் நம் பிள்ளைகள் சாவது மருந்தில்லாமையால் மட்டும் அன்று.

ஆதலால் பெற்றோரே, நாயோ பூனையோ கடித்தாலும் பிராண்டினாலும் உடனே வந்து சொல்லும்படி பிள்ளைகளிடம் கூறிவையுங்கள், சொன்னால் அடிக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம், கட்டும் போடவேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி பல நாள் தவணையாகப் போடப்படும். வலி நின்றதென்று ஒரு தவணையையும் விட்டுவிடாதீர்கள். ஆழ்ந்த காயமானால் காயத்தைச் சுற்றிலும் போடும் வேறோர் ஊசியும் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் இவ்வூசி இலவசம்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளுக்குக் கனிவு காட்டுதல் மனிதரின் கடமை என்கிறது. அவற்றைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. அதே மூச்சில், மனிதத் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. நாய்க்குப் பிறந்தநாள் கேக்கு வெட்டும் வீட்டில், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்குச் சம்பளம் இரண்டு மாதம் பாக்கி இருப்பதை நான் அறிவேன். இதனாலேயே நாயை நேசிக்கும் எளியவரை எவரும் இகழவேண்டாம். பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்திருக்கும் கைம்பெண் ஒருவருக்கு, மாலை செபமாலையின்போது காலடியில் படுத்திருக்கும் அந்தக் கிழநாய் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சென்று பார்த்தவர்களே அறிவர். ஆரோக்கியநாதர் என்று நாம் வணங்கும் புனித ரோக்கின் சுரூபத்திலும் அப்பம் ஏந்திய நாய் ஒன்று நிற்கிறதல்லவா?

ஜனவரி 17 வனத்து அந்தோனியார் திருநாள். வழக்கம்போல் காலைத் திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் கால்நடைகள் மந்திரிக்கப்படும். இவ்வாண்டு மருத்துவரும் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் மேசை போட்டு, மூன்று மாதம் நிறைந்த நாய், பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட இசைந்துள்ளார். நாய்களைச் சங்கிலியிட்டுப் பெரியவர்களே பிடித்து வரவேண்டும். பூனைகளை மூடிய கூடையில் கொணர்க. சென்ற ஆண்டு போட்ட சீட்டு இருப்பின் அதனையும் எடுத்துவருக. எடுத்து வளர்க்க விரும்புவோர்க்காக நாட்டுக்குட்டிகள் ஐந்தும் அங்கே இருக்கும். மூன்று பெண், இரண்டு ஆண்.